மூணு பேர், ஒரு சைக்கிள், ஒரு துருப்பிடிச்ச நட்டு

போன ஜூலையில் ஒரு வாரம் காஞ்சிபுரத்தில் இருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் அக்கா வீடு. காலையில் திண்ணையில் காபியோடு உட்கார்ந்திருக்கும்போது பார்க்கிறேன், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறாள். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்த சைக்கிள் நாலடி தூரத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

"ஏம்மா, சைக்கிள்ல போகலியா?"

"அது எனக்கு செட் ஆகல மாமா."

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அவளுக்கு சைக்கிள்னாலே பயம்டா. ஒரு வாட்டி விழுந்தா, அதோட விட்டுட்டா."

விழுந்த கதையைக் கேட்டேன். கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் முன்னால் போன பஸ் திடீரென்று நின்றிருக்கிறது. இவள் பிரேக் பிடித்திருக்கிறாள், வண்டியும் ஒழுங்காக நின்றிருக்கிறது. காலை ஊன்றப் போனால் தரை எட்டவில்லை. நின்ற வண்டியிலிருந்து அப்படியே பக்கவாட்டில் சரிந்து, முழங்கை சிராய்த்து, பின்னால் வந்த பைக்காரரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். ஓட்டத் தெரியாமல் விழுவது வேறு, நிற்கத் தெரியாமல் விழுவது வேறு இல்லையா? பயம் என்ற விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. அக்காவின் தையல் டேப்பை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அந்த வண்டியை ஓட்டுபவர்கள் மூன்று பேர். அவள், பத்தாவது படிக்கும் அவள் தம்பி, எங்கள் அப்பா. தம்பி அவளைவிட ஒரு தலை உயரம். கிரிக்கெட் ஆடப் போவதற்கு அவன்தான் ஒரு நாள் கடையில் சீட்டை ஏற்றி டைட் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அப்புறம் வண்டி மழையில் நின்றது. சீட்டுக்குக் கீழே இருக்கும் நட்டு துருப்பிடித்தது. அதற்குப் பிறகு அந்தச் சீட்டை யாரும் அசைக்கவில்லை. வீட்டில் ஸ்பேனர் இல்லை, அதுவும் ஒரு காரணம்.

சீட் உயரத்துக்குக் கணக்கு இருக்கிறது. 1967இல் இங்கிலாந்தில் ஹேம்லி, தாமஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பலரை வெவ்வேறு சீட் உயரங்களில் மிதிக்கவைத்துப் பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொன்னார்கள்: உள்கால் அளவில் 109 சதவீதம். அதாவது, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது பெடலிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை உள்ள தூரம், உங்கள் உள்கால் நீளத்தைப்போல 1.09 மடங்கு இருந்தால் மிதிப்பது சுலபம். உள்கால் அளவு எடுக்க டெய்லர் வேண்டாம். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட் மாதிரி மேலே இறுக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பைச் சுவரில் குறித்துக்கொண்டால் போதும். இந்த 109 ஒன்றும் வேதவாக்கு இல்லை. பந்தய ஓட்டக்காரர்கள் இதற்குப் பிறகு வந்த வேறு வேறு சூத்திரங்களை வைத்துச் சண்டை போடுவார்கள். கணக்கே வேண்டாம் என்றால் பாட்டன் காலத்து வழி: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வை, கால் நேராக நீண்டால் சீட் சரி.

எங்கள் வீட்டு எண்கள் இவை. அக்கா மகள் 148 செ.மீ. உயரம், உள்கால் 67. அவளுக்கு வேண்டியது 73. தம்பி 168, உள்கால் 77, வேண்டியது 84. அப்பா 160, உள்கால் 73, வேண்டியது சுமார் 80. சைக்கிளில் அளந்தால் சரியாக 84 இருக்கிறது. பையன் கணக்கு போடாமலே கச்சிதமாக வைத்திருக்கிறான், அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கும் அக்காவுக்கும் இடையில் 11 செ.மீ. ஒரு சாண் இருக்காது. அந்த அரைச்சாண்தான் தினமும் ஆட்டோ காசு.

இங்கே இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சீட் அவளுக்குச் சரியாக 73க்கு இறங்கினாலும், உட்கார்ந்தபடியே இரண்டு பாதத்தையும் தரையில் பதிக்க அவளால் முடியாது. ஏனென்றால் கீழே இருக்கும் பெடல்கூடத் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு செ.மீ. மேலேதான் சுற்றுகிறது. அதற்கும் கீழே போனால் வளைவில் தரையில் இடிக்கும். கால் பெடல் வரைக்கும் நீண்டாயிற்று என்றால் தரைக்கு இன்னும் அந்தப் பத்து செ.மீ. பாக்கி. கட்டை விரல் நுனி தொடும், அவ்வளவுதான். மிதிக்கச் சீட் உயரமாக இருக்கணும், நிற்கச் சீட் தாழ்வாக இருக்கணும். ஒரே சீட் இரண்டு வேலைக்கும் ஆகாது.

நன்றாக ஓட்டுபவர்கள் நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றிவிடுவார்கள். சொல்லிக்கொடுத்தால் பத்து நிமிஷத்தில் வரும் விஷயம். ஆனால் நம் ஊரில் யார் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? சீட்டை ஆக இறக்கி, முட்டி மார்பில் இடிக்கிற மாதிரி ஓட்டச் சொல்வார்கள். அப்படி ஓட்டினால் முட்டி அளவுக்கு மீறி மடங்கியபடியே அழுத்தம் தாங்குகிறது. தொடைக்குச் சீக்கிரம் அலுப்பு வருகிறது. மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அப்புறம் "சைக்கிள் ஓட்டினா முட்டி வலி" என்று சைக்கிள் மேல் பழி.

நெசவாளர் வீட்டுக்கு இது தெரியாத விஷயம் இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை. எங்கள் வீட்டுத் தறி குழித்தறி. தரை மட்டத்தில் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். அப்பா அளவுக்கு வெட்டிய குழி. அம்மா தறியில் உட்காரும்போது காலுக்கு மிதி எட்டாது. அதற்காக விளிம்பிலிருந்து முன்னால் நழுவி உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் இடுப்பு போய்விடும். அதனால் மிதிமேல் ஒரு கட்டையைக் கட்டிவிடுவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயசில் தறியில் உட்காரவைத்தபோது அந்தக் கட்டைமேல் இன்னொரு கட்டை. ஆளுக்கு ஏற்ற மாதிரி தறியை மாற்றாமல் ஒருத்தரும் சேலை நெய்ய மாட்டார்கள். அதே வீட்டு வாசலில் நிற்கிற சைக்கிளுக்கு மட்டும் மூன்று பேரும் தங்கள் உடம்பை மாற்றிக்கொண்டார்கள்.

அப்பாவின் பழைய வண்டி இன்னும் இருக்கிறது, கொல்லைப்புறத்தில், டயர் இல்லாமல். கறுப்பு, 22 இன்ச் ஃபிரேம், பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள். பாவு மூட்டையைக் கேரியரில் வைத்துக் கட்டி முதலாளி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அதில்தான் முப்பது வருஷம் போய்வந்தார். டேப் கையில் இருந்ததால் அதையும் அளந்தேன். 22 இன்ச் என்பது பெடல் அச்சிலிருந்து சீட் குழாயின் மேல்முனை வரை, அதாவது 56 செ.மீ. அதற்கு மேல் ஸ்பிரிங் சீட் ஒரு 9 செ.மீ. பெடல் தண்டு 17. மொத்தம் 82. இது சீட் பில்லரை முழுக்க உள்ளே தள்ளியபிறகு வருகிற எண். இதற்குக் கீழே இறக்க அந்த வண்டியில் வழியே கிடையாது. அப்பாவுக்கு வேண்டியதோ 80. முப்பது வருஷமும் அவர் இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி ஆட்டித்தான் ஓட்டியிருக்கிறார். சின்ன வயசில் அதை அப்பாவின் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். கேட்டால், "அப்போ எல்லாருமே அப்டிதாம்பா ஓட்டுவாங்க" என்கிறார். உண்மைதான். 24 இன்ச் வண்டி என்றால் இதே கணக்கு 87க்குப் போகும். உள்கால் 80 செ.மீ. இருக்கிற ஆளுக்குச் செய்த வண்டி அது. அந்த அச்சு பிரிட்டிஷ் ரோட்ஸ்டரின் அச்சு. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் முதல் அட்லஸ், லூதியானாவின் ஹீரோ வரை நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு வண்டிகள் எல்லாமே பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான்.

குரங்கு பெடல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, சீட்டைக் கக்கத்தில் இடுக்கி அரை அரைச் சுற்றாக மிதிப்போமே, அது. ராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்ற சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் 2024இல் 'குரங்கு பெடல்' என்றே படம் எடுத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் சின்ன வயசு ஞாபகத்தில் உருகினோம். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் டேப்போடு யோசித்தால், இறங்காத சீட்டுக்கு ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கண்டுபிடித்த மாற்று வழி அது.

பெரியவர்களுக்கும் இதே கதை நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம், பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் என்று எழுதுகிறார் பி. சாய்நாத். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். பிறகு பலர் அதையே விரும்பவும் செய்தார்கள், பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று. அற்புதமான இடம் அது. கூடவே என் கணக்கும் உறுத்துகிறது. 150 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு வேண்டியது சுமார் 75. 22 இன்ச் வண்டி தருவது 82. ஏழு செ.மீ. எட்டாத வண்டியில், சேலையோடு, பாரில் பிள்ளை, பின்னால் தண்ணீர்க்குடம் என்று ஓட்டினார்கள். அவர்கள் சாதித்ததைச் சொல்லும்போது இந்த ஏழையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இறங்கி ஏறுகிற சீட்டுக்கு வருவோம். உலகத்தில் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் மலையிறங்கும் சைக்கிள்காரர்கள். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டாமல்பாய்ஸ் மலைப்பக்கம் 1976 முதல் 'ரீபேக்' என்ற பந்தயம் நடந்தது. பழைய கனத்த சைக்கிள்களில் மண்பாதையில் தலைதெறிக்க இறங்குவார்கள். இறங்கும்போது சீட் உயரமாக இருந்தால் உடம்பைப் பின்னால் தள்ள முடியாது, முன்பிரேக் பிடித்ததும் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறக்க வேண்டியதுதான். அதனால் மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கிச் சீட்டைத் தாழ்த்துவார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸும், ஜாஷ் ஏஞ்சலும் 1984இல் 'ஹைட்-ரைட்' என்று ஒரு சின்னச் சாமானைக் கொண்டுவந்தார்கள். சீட் பில்லரையும் ஃபிரேமையும் இணைக்கும் ஒரு ஸ்பிரிங், அவ்வளவே. ஓடும்போதே கைநெம்பைத் திறந்தால் உங்கள் எடைக்குச் சீட் இறங்கும். எழுந்தால் ஸ்பிரிங் அதை மேலே தள்ளும். திரும்ப நெம்பை மூட வேண்டும். அழகான வேலை, மின்சாரம் இல்லை, எண்ணெய் இல்லை.

இப்போது வருவது 'டிராப்பர் போஸ்ட்'. 2010இல் ராக்ஷாக்ஸின் ரெவெர்ப் வந்தபிறகு பரவலானது. ஹேண்டில்பாரில் ஒரு பொத்தான், அமுக்கினால் சீட் இறங்கும், எடையை எடுத்துவிட்டு அமுக்கினால் ஏறும். உள்ளே நடப்பது ஏறக்குறைய உங்கள் ஆபீஸ் நாற்காலியில் நடப்பது மாதிரிதான். மூடிய குழாயில் எண்ணெய், அதன் பின்னால் அழுத்திவைத்த காற்று, நடுவில் ஒரு வால்வு. வால்வு மூடியிருந்தால் எண்ணெய்க்குப் போக இடமில்லை. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாதல்லவா, அதனால் சீட் கல் மாதிரி நிற்கும். வால்வைத் திறந்தால் எண்ணெய் ஓடும், உடல் எடை சீட்டை இறக்கும். எழுந்துகொண்டால் காற்றழுத்தம் அதை மேலே தள்ளும். ரோடு பந்தயத்திலும் இது நுழைந்துவிட்டது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2014இல் அனுமதித்தது. 2022 மார்ச்சில் ஸ்லோவேனியாவின் மதேய் மொஹோரிச் மிலான்-சான் ரெமோ பந்தயத்தின் கடைசி இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்திக்கொண்டு சீறிப்பாய்ந்து ஜெயித்தார். அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆக, ஒரே ஆள், ஒரே வண்டி, ஒரு மலை என்ற பிரச்சினைக்கு ஐம்பது வருஷ மூளை செலவாகியிருக்கிறது. ஒரு வண்டி, மூணு ஆள், சமதரை என்ற நம் வீட்டுப் பிரச்சினைக்கு? டிராப்பர் போஸ்டை வாங்கி மாட்டிவிடலாம் என்று ஒரு கணம் சபலம் வந்தது உண்மை. பரவலாகக் கிடைப்பவை 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் விட்டத்தில் வருகின்றன. அக்கா மகளின் வண்டியில் 25.4, அதாவது ஒரு இன்ச். பெரிய குழாயில் சின்னத் தண்டை வளையம் சுற்றி மாட்டலாம், சின்னக் குழாயில் பெரிய தண்டை எப்படி நுழைப்பது? விலையையும் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு இன்னொரு சைக்கிளே வாங்கலாம்.

எங்களுக்குத் தேவையானது 1930 வாக்கில் வந்த சாமான். இத்தாலியின் துல்லியோ காம்பஞோலோ ஒரு பந்தயத்தில், மலைமேல் குளிரில் விரல் விறைத்துச் சக்கரத்து நட்டைக் கழற்ற முடியாமல் தோற்றார் என்றும், அதிலிருந்து பிறந்ததுதான் நெம்புகோல் வைத்த குவிக் ரிலீஸ் என்றும் ஒரு கதை உண்டு. நட்டுக்குப் பதில் ஒரு நெம்பு. நெம்பின் அடி கோணலாக இருக்கும், மடக்கினால் கவ்வும், விரித்தால் விடும். ஸ்பேனர் வேண்டாம். அதைச் சீட் போல்ட்டுக்கும் போடலாம். சைக்கிள் கடையில் கேட்டபோது ஒரு டப்பாவைத் துழாவி எடுத்துக் கொடுத்துவிட்டு, "போட்டுக்கலாம் சார், ஆனா சீட்டைக் கழட்டினு பூடுவானுங்க" என்றார். நியாயம். வைகாசி கருட சேவைக்கு வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் சீட் இருக்குமா? பொது வாடகைச் சைக்கிள்களில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள், பில்லர் ஏறி இறங்கும், ஆனால் முழுசாக வெளியே உருவ வராது. நாங்கள் பழைய பிரேக் கேபிளைச் சீட்டுக் கம்பியில் கோத்து ஃபிரேமோடு சேர்த்து முறுக்கிவிட்டோம்.

துருவுக்கு ஒரு நாள் போனது. நட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தோம். காலையில் நட்டு கழன்றது, பில்லர் கழலவில்லை. சீட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பத்தான் வேண்டும், சுத்தியலால் அடித்தால் குழாய் வாய் பிதுங்கும். அப்பா ஃபிரேமைப் பிடிக்க, பையன் சீட்டைத் திருக, ஒரு கிறீச் சத்தத்தோடு வந்தது. உள்ளே சிவப்பாகப் பொடி. உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, மெலிசாகக் கிரீஸ் தடவி உள்ளே விட்டதும் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது.

நீங்களும் செய்வதாக இருந்தால் சில விஷயம். சில பழைய கறுப்பு வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் போகும் மேல் கம்பிகளும் இதே சீட் போல்ட்டில்தான் பிடித்திருக்கும். அதில் குவிக் ரிலீஸ் வேண்டாம், போல்ட்டே இருக்கட்டும். நெம்பு பாதி மடங்கும்போதே எதிர்க்க ஆரம்பிக்கணும், மூடி முடித்தால் உள்ளங்கையில் தடம் பதியணும். லேசாக மூடினால் ஸ்பிரிங் சீட் குதிக்கக் குதிக்க இறங்கிவிடும். அப்புறம், பில்லரில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு மேல் வெளியே இழுக்கக் கூடாது. கோடு அழிந்துபோயிருந்தால் குறைந்தது இரண்டரை இன்ச் குழாய்க்குள் இருக்கட்டும். இல்லாவிட்டால் உடையப்போவது பில்லர் இல்லை, ஃபிரேம்.

பில்லரில் நகப்பாலிஷால் இரண்டு கோடு போட்டோம். மேல்கோடு தாத்தாவுக்கு, கீழ்க்கோடு பையனுக்கு. பெண்ணுக்குக் கோடு தேவைப்படவில்லை, முழுக்க உள்ளே தள்ளினால் 74. அவளுக்கு வேண்டியதைவிட ஒரு செ.மீ. அதிகம், இடுப்பு ஆடாத அளவு. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்குவதை ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் ஒரு ஞாயிறு காலை கூட்டம் வருவதற்கு முன்னால் பழக்கினேன். பதினைந்தாவது தடவை அவளாக, "இவ்ளோதானா மாமா?" என்றாள்.

தமிழ்நாட்டில் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுப்பது 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளிலிருந்து தொடங்கிப் பிறகு விரிந்த திட்டம். பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குக் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். பள்ளிக்கூடம் தூரமான ஊர்களில்தான் பலன் அதிகம். இவ்வளவு பெரிய காரியம் செய்கிற ஒரு வண்டி, எங்கள் வீட்டில் ஒரு நட்டுக்காக எட்டு மாதம் சுவரில் சாய்ந்து நின்றது. ஒருத்தரும் சீட்டைப் பார்க்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று பேர் மட்டும் அவளுக்கு வைத்துவிட்டோம்.

போன வாரம் அக்காவிடம் பேசினேன். பெண் தினமும் சைக்கிளில்தான் போகிறாளாம். கச்சபேஸ்வரர் கோயில் முனையில் மட்டும் இன்னும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாள். சாயங்காலம் பையன் எடுக்கும்போது சீட்டை ஏற்றுகிறான், திரும்ப இறக்க மறந்துவிடுகிறான், காலையில் அதற்கு ஒரு சண்டை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் பில்லரைக் கழற்றி ஒரு தரம் கிரீஸ் தடவச் சொல்லியிருக்கிறேன். தடவினானா என்று கேட்டால், "நாளைக்கு மாமா" என்கிறான்.